ஊரடங்கிலும் மாத்திரை தீரும்: மலைக் கிராம நர்சுகளுக்கு ஒரு கையேடு

ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊரில் நர்சம்மா என்று கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கும், மலையில் எங்களோடு அலையும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கொள்ளைநோய் வந்துவிட்டால் மேலிருந்து வரும் கேள்வியெல்லாம் அதைப் பற்றியே இருக்கும். காய்ச்சல் எத்தனை பேருக்கு, டெஸ்ட் எத்தனை எடுத்தாய், வெளியூரிலிருந்து யார் வந்தார்கள், ராத்திரிக்குள் ரிப்போர்ட் அனுப்பு. உங்கள் பகுதியில் ஏற்கெனவே இருக்கிற சுகர்காரர், டிபிக்காரர், நிறைமாதக் கர்ப்பிணி, ஊசிக்கு நாள் வந்த கைக்குழந்தை ஆகியோரைப் பற்றி அந்த நாட்களில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் அவர்களைப் பார்த்தே ஆக வேண்டும். கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருடமும் மலையில் நான் பார்த்ததை வைத்து இதை அழுத்திச் சொல்கிறேன்.

மலையில் மட்டும் நடந்ததும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 2014 முதல் 2016 வரை எபோலாவால் 11,300 பேர் இறந்தார்கள். அதே காலத்தில் மலேரியாவுக்கும் டிபிக்கும் எய்ட்ஸுக்கும் சிகிச்சை கிடைக்காமல் கூடுதலாக இறந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு இருப்பார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள். நம் நாட்டில் 2019-இல் சுமார் 24 லட்சம் டிபி நோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் அது 18 லட்சமாக இறங்கியது. டிபி குறைந்ததால் வந்த இறக்கம் இல்லை அது. இருமியவர்கள் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் இருந்தார்கள்.

முதல் வாரமே ஒரு நோட்டு

சப் சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், பதிவேட்டுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பிணிக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, தொற்றா நோய்க்கு ஒன்று, போதாததற்கு டேப்லெட் கணினியில் வேறு. நெருக்கடியில் இதையெல்லாம் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள். என்ன மருந்து, அது எந்தத் தேதியில் தீரும், யாருடைய போனில் பேசலாம், வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்.

இதில் தீரும் தேதிதான் உயிர். பதிவேடுகளில் எல்லாம் 'கொடுத்த தேதி' இருக்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. கொடுத்த தேதியிலிருந்து எண்ணி, தீரும் தேதியைப் போட்டுவிட்டால் யாரை எந்த வாரம் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

யாரை முதலில் எழுதுவது என்று கேட்பீர்கள். மருந்து நின்றால் யார் சீக்கிரம் சாவார்களோ அவர்களை முதலில் எழுதுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய நோயாளிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், டிபி மருந்தில் இருப்பவர்கள். அப்புறம் எட்டாம், ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிகள், முதல் பிரசவம் சிசேரியனாக ஆனவர்கள், ரத்தம் குறைந்தவர்கள். அப்புறம் பிரஷர், சுகர். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களின் பெயரை இந்த நோட்டில் எழுத வேண்டாம். இது பல கைக்குப் போகும் நோட்டு. அவர்களுக்கு உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறி போதும்.

வீடு வீடாகப் போக முடியாத வாரத்தில் ரேஷன் கடையைப் பிடியுங்கள். 2020 ஏப்ரலில் அரசு ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தபோது எந்த மூலையில் இருந்தாலும் ஜனம் இறங்கி வந்தது. டோக்கன் வரிசை ஓரமாக நோட்டோடு நின்றால் பாதிப் பட்டியலை அங்கேயே சரிபார்த்துவிடலாம். நூறு நாள் வேலை நடக்கும் இடமும் அப்படித்தான்.

இன்னொரு கூட்டம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கேரளாவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள். அவர்களை நோய் கொண்டுவந்தவர்கள் போல ஊர் பார்க்கும். தனிமைப்படுத்தும் நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "அங்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பையில் பாதி அட்டையோடு டிபி நோயாளிகள் வந்து இறங்கியிருப்பார்கள்.

"மாத்திரை இருக்கா?" என்று கேட்காதீர்கள்

2020 ஊரடங்கில் மலையின் உள்பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டியிடம் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்குது நர்சம்மா, இன்னும் நெறைய இருக்குது" என்றார். அவருக்குக் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறைய இருக்க வழியில்லை. எடுத்துவரச் சொன்னேன். தைல டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். பிரஷர் மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிரித்து, அரிவாள்மனையில் பாதி பாதியாக நறுக்கி வைத்திருந்தார். "பஸ்ஸு எப்ப வுடுவாங்கன்னு தெரியல. அதான் ஒண்ண ரெண்டாக்கி, ஒரு நாளு வுட்டு ஒரு நாளு போடறேன்." பிரஷர் பார்த்தால் 190-க்கு 110. தலை லேசாகச் சுற்றுகிறது, வெயில் என்று நினைத்தேன் என்றார்.

சாமை அரிசியை மழைக்காலத்துக்கு மிச்சம் பிடிக்கிற ஜனம் அது. மாத்திரையையும் அப்படியே மிச்சம் பிடித்திருந்தார். அதைத் திட்டவே கூடாது. நாம் போய்ச் சேரவில்லை, அவர் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார்.

எனவே எந்த வீட்டுக்குப் போனாலும், இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மீதி மாத்திரையை எண்ணுங்கள். கொடுத்த எண்ணிக்கையிலிருந்து, கடந்த நாட்களுக்கு ஆகியிருக்க வேண்டியதைக் கழியுங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் பாதியாகப் போடுகிறார்கள், அல்லது நிறுத்திவிட்டார்கள். குறைவாக இருந்தால் வீட்டில் இன்னொருவரும் அதிலிருந்தே போடுகிறார். கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் ஓட்டுவது மலையில் சாதாரணம். காலி அட்டைகளையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். பெயர் படிக்கத் தெரியாதவருக்கு எந்த மாத்திரை என்று அடுத்த முறை யாரிடமும் காட்ட அதுதான் சாட்சி.

பிரஷர் மாத்திரையில் அட்டனலால் எடுப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரும், இதயத்துக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். நிறுத்திய சில நாளிலேயே விடாமல் வலிப்பு வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். வீட்டில் உள்ளவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள். பயமுறுத்துகிறோமே என்று தயங்க வேண்டாம்.

இருப்பைக் கணக்குப் போடுவது

மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று 2020-இல் வழி செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் மருந்து மாதக் கணக்கில் வருகிறது. முதலில் வரும் இருபது பேருக்கு மூன்று மாதம் கொடுத்தால், மலையின் உள்பக்க ஊரிலிருந்து நடந்து வரும் இருபத்தோராவது ஆளுக்கு ஒன்றும் இருக்காது. அருகில் இருப்பவர் கைநிறைய வாங்கிப்போய், தொலைவில் இருப்பவர் வெறுங்கையோடு திரும்புவது கொடுமை.

கணக்கு சுலபம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் 60 பேர் சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். மாதத்துக்கு 1,800 மாத்திரை. மூன்று மாதத்துக்கு 5,400. கையில் 3,000 இருந்தால் எல்லாருக்கும் மூன்று மாதம் வராது. பஸ் வசதியே இல்லாத ஊர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு மாதம், சாலையோர ஊர்களுக்கு ஒரு மாதம் என்று பிரியுங்கள். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் இதே மாதிரி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து எடுப்பதற்கு அவரும் மருந்தாளுநரும் மருந்துக் கணக்குக்கான பாஸ்புக்கில் கூடுதல் கேட்க உங்கள் எண்கள் உதவும். "நிறைய வேணும் சார்" என்றால் வராது. எண்ணிக்கையோடு கேட்டால் வரும்.

இன்சுலின் உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்காது. ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, குப்பியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. தெரிந்த கடையில் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று அதில் வைத்துவிடுவார்கள். உறைந்துபோன இன்சுலின் வீண்.

கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பால் வண்டி, ரேஷன் லாரி, பஞ்சாயத்துக்காரர் பைக், எது போகிறதோ அதுதான் வண்டி. ஒவ்வொருவருக்கும் தனிக் கவர். மேலே பெயர், ஊர். படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படம் போட்டு, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து வீடு தேடி மாத்திரை போவது வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது. ஊரடங்கில் நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்ததற்கு இன்று ஆளும் பட்டியலும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியலில் காட்டுக் கொட்டாயில் தங்கியிருப்பவரும் வேலைக்கு வெளியூர் போயிருப்பவரும் விட்டுப்போவார்கள். உங்கள் நோட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கர்ப்பிணிகள்

போனில் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். போனில் பிரஷர் பார்க்க முடியாது. எட்டாம் மாதத்துக்கு மேல் இருப்பவரை என்ன ஊரடங்கானாலும் நேரில் பார்த்து பிரஷர், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். 140-க்கு 90 தாண்டினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

மாமியார், கணவன், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேருக்காவது ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிவையுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், ரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல், வலிப்பு. கர்ப்பிணிக்கு மட்டும் சொன்னால் போதாது, முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர் இல்லை.

நாள் நெருங்கியவரை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அங்கே கொண்டுவந்து தங்கவைத்தால், நடுராத்திரி டோலி கட்டித் தூக்கி வரும் பாடு மிச்சம். "ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் கொரோனா வரும்" என்று மறுப்பார்கள். காய்ச்சல் நோயாளிகள் வரும் வழியும் பிரசவ அறைக்கான வழியும் வேறு வேறு என்பதைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அப்படி வேறாக இல்லாவிட்டால் அதைப் பிரிக்கச் சொல்லி மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். அம்மாக்கள் வர மறுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கீழே அனுப்பும்போது சும்மா 108-இல் ஏற்றிவிட்டு வந்துவிட வேண்டாம். போகும் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக்குப் போன் செய்து, எத்தனையாவது பிரசவம், என்ன சிக்கல், எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று சொல்லி, போனை எடுத்தவர் பெயரைப் பரிந்துரைச் சீட்டிலேயே எழுதுங்கள். கோவிட் ரிசல்ட் வரவில்லை என்று கர்ப்பிணியை வாசலில் உட்காரவைத்த கொடுமை அப்போது நடந்தது. அவசரப் பிரசவத்தை டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காக்கவைக்கக் கூடாது என்பதுதான் அரசு விதி. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்குவதற்கே மலைப்பாதையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தை வாசலில் மறுபடி இழக்க முடியாது.

புதன்கிழமை ஊசி

ஊரடங்கு அறிவித்த முதல் வாரங்களில் பல இடங்களில் புதன்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி நின்றது. 2020-இல் உலகம் முழுக்க 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசி முழுதாகக் கிடைக்கவில்லை. 2021-இல் அது இரண்டரைக் கோடியானது. பலனை நாம் நம் நாட்டிலேயே பார்த்தோம். 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தார்கள்.

கூட்டம் சேரக் கூடாது என்றால் கூட்டத்தைப் பிரியுங்கள், ஊசியை நிறுத்தாதீர்கள். அங்கன்வாடி அறைக்குள் வேண்டாம், வெளியே புளியமரத்தடியில் நடத்தலாம். ஊருக்கு ஒரு நேரம் கொடுத்து, ஒரே நேரத்தில் ஐந்தாறு அம்மாக்களுக்கு மேல் வராமல் ஆஷா பார்த்துக்கொள்ளட்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருக்கச் சொல்வதைக் கூட்டத்தைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது.

ஐஸ் பேக் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தடுப்பூசி கேரியரில் வைத்தால் பென்டாவும் (ஐந்து நோய்க்கான ஊசி) டிடியும் (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி) உறைந்து கெட்டுவிடும். மேசையில் வைத்து, மேலே வேர்வை பூத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலவென்று கேட்க வேண்டும். அப்புறம்தான் கேரியரில் அடுக்க வேண்டும். மலையில் வண்டி கிடைத்த நேரத்துக்கு ஓட வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். கரன்ட் போனால் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் குளிர் பல மணி நேரம் நிற்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலை, மாலை பார்த்து எழுதினால் போதும்.

எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) குப்பியைக் கலந்தால் நாலு மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டும். மீதி வீணாகுமே என்று ஒற்றைக் குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம். பத்து கிலோமீட்டர் நடந்து வந்த அம்மாவை அடுத்த வாரம் வா என்றால் அவர் வரமாட்டார்.

நாள் தவறிய பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். எங்கே விட்டதோ அங்கிருந்து தொடருங்கள். பென்டா டோஸ்களுக்கு நடுவே குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும். எம்.ஆர். ஐந்து வயது வரை போடலாம்.

இருமல் வந்தால் டிபியையும் நினையுங்கள்

கோவிட் காலத்தில் இருமியவர் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். நெகடிவ் என்று வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிபி கண்டுபிடிக்கும் ட்ரூநாட், சிபிநாட் இயந்திரங்களே நாடு முழுக்கக் கோவிட் பரிசோதனைக்குப் போய்விட்டன. அடுத்த முறையும் இதுவே நடக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், உடம்பு இளைத்தல், சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தால் கோவிட் ரிசல்ட் என்னவானாலும் சளி டப்பா கொடுங்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு வர ஆளில்லாத ஊருக்கு மாத்திரைப் பொட்டலம் கொண்டுபோகும் அதே வண்டியைச் சொல்லிவையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, பெயர் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் எழுதினால் மாறிப்போகும்.

மருந்து ஆரம்பித்தவர் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். வெளியூரில் பதிவானவராக இருந்தால் அவருடைய நிக்ஷய் எண்ணை, அதாவது அரசின் டிபி பதிவு எண்ணை, கேளுங்கள். எண் இருந்தால் நம் பகுதிக்கு மாற்றிவிடலாம், மருந்தும் உதவித்தொகையும் தொடரும். எண் தெரியாவிட்டாலும் திருப்பி அனுப்பாமல் டிபி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், போன் நம்பரை வைத்துத் தேடுவார்.

தனிமைப்படுத்தல், ஆக்சிமீட்டர்

ஒற்றை அறை வீட்டில் தனி அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரர்கள் காட்டுக் கொட்டாயில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அது நல்ல ஏற்பாடுதான், ஒரு நிபந்தனையோடு. காலையும் மாலையும் யாராவது போய்ப் பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் வைத்து எழுத வேண்டும். மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்குவது கோவிட்டில் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் ராத்திரியில் போய்விடுவார்.

ஆக்சிமீட்டர் வைக்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். மலைக் குளிரில் விரல் சில்லென்று இருந்தால் எண் சரியாக வராது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலாகப் பாருங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலில் எண் ஆடினால் வேறு விரலில் வையுங்கள். எண் நிலைத்து நிற்கும் வரை, குறைந்தது ஒரு நிமிடம், கையை எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் விரலில் வைத்துப் பாருங்கள், கருவி சரியா என்று தெரியும். நிறம் கூடிய தோலில் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காட்டக்கூடும். அதனால் 94, 95 என்று ஓரத்தில் நின்றால் தைரியமாக இருந்துவிடாமல் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். நடந்தபின் மூன்று நான்கு இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கவையுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்து.

பயம் பற்றி

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு பின்னால் சொன்னது. ஆனால் அது வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த வாரத்தில் எங்களைப் பார்த்ததும் ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கொரோனா ஊசிக்குப் பயந்து பிள்ளைகளின் வழக்கமான ஊசிக்கும் வரவில்லை. அதுதான் பெரிய நஷ்டம்.

பயந்தவரோடு வாதாடாதீர்கள். இந்தப் பிள்ளைக்குப் போடுவது அவனுடைய அக்காவுக்குப் போட்ட அதே ஊசி, அதே குப்பி என்று காட்டுங்கள். ஊர்க் கவுண்டரோ நாட்டாமையோ முதலில் போட்டுக்கொள்ள வரும்வரை இரண்டு மூன்று முறை சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று முன்கூட்டியே சொன்னால் காய்ச்சல் வந்தபோது உங்களை நம்புவார்கள். ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல் வந்தால் அந்த ஊரில் உங்கள் வார்த்தைக்கு அப்புறம் மதிப்பில்லை. போட்ட மறுநாள் அதே வீட்டுக்கு மறுபடி போங்கள்.

நீங்கள் படுத்துவிட்டால்

மலையில் ஒரு சப் சென்டருக்கு 3,000 பேர் என்று கணக்கு. அவ்வளவு பேருக்கும் நீங்கள் ஒருத்தர். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நோட்டை யார் எடுத்து நடத்துவது என்று இன்றே முடிவு செய்யுங்கள். பக்கத்து சப் சென்டர் அக்காவிடமும் ஆஷாவிடமும் பக்கங்களைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவையுங்கள். என்95 முகக்கவசம் போதவில்லை என்றால் ஐந்து எடுத்து, தனித்தனிக் காகிதக் கவரில் போட்டு, நாளுக்கு ஒன்றாகச் சுற்றில் பயன்படுத்துங்கள், துவைக்கக் கூடாது. ராத்திரி ரிப்போர்ட் வேலையை உங்கள் தலையிலேயே கட்டினால் வாரத்தில் இரண்டு நாளாவது வேறு யாராவது அனுப்பட்டும் என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

அலை இறங்கிய பிறகு

2021 மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதற்கப்புறம் இறங்கியது. இறங்கியதும் எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனால் விட்டுப்போனதைப் பிடிக்க அடுத்த மூன்று மாதம்தான் நேரம். ஊசி நாள் தவறிய பிள்ளைகளின் பட்டியலை ஊருக்கு ஊர் எடுங்கள். பிரஷர், சுகர் உள்ள எல்லாருக்கும் ஒரு முறை நேரில் அளந்து எழுதுங்கள், ஏனென்றால் போனில் 'நல்லா இருக்கேன்' என்றவர்கள்தான் அதிகம். நாள்பட்ட இருமல்காரர்களைத் தேடிச் சளி எடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை விட்டுப்போன வளரிளம் பெண்களைப் பள்ளி திறந்ததும் பிடியுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. அந்த மாதங்களில் உங்கள் பகுதியில் வீட்டில் நடந்த சாவுகளை எல்லாம், கோவிட் சாவு அல்லாதவற்றையும் சேர்த்து, எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் பொறுமையாகக் கேளுங்கள். கை கால் இழுத்ததா, வலிப்பு வந்ததா, கடைசியாக மாத்திரை எப்போது தீர்ந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக நினைத்தார்களா, எது தடுத்தது, வண்டியா, பயமா, பணமா. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டில் இருந்தவர்களும் இதில் வருவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் நாலு வரி. அந்தப் பக்கங்களை மாதாந்திரக் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் முன்னால் ஊர்ப் பெயரோடு வாசியுங்கள். ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள். அடுத்த முறை பஸ் நிற்கும்போது எந்த ஊருக்கு முதல் வண்டி போக வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.